டிராக்மாவா, யூரோவா: 2015 ஜூலையில் கிரீஸ் முன் இருந்த வழிகள்

2015 ஜூலை முதல் தேதி. கிரீஸில் வங்கிகள் மூடி மூன்றாவது நாள். ஏடிஎம் அட்டை இல்லாத ஓய்வூதியர்களுக்காக அன்று காலை சில கிளைகளை மட்டும் திறந்தார்கள். வரிசையில் முட்டி மோதி நின்ற முதியவர்களுக்கு அந்த வாரத்துக்கென்று ஆளுக்கு 120 யூரோ கிடைத்தது. அட்டை உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 60 யூரோ எடுக்கலாம். முந்தின நாளோடு பன்னாட்டு நாணய நிதியத்துக்கு, அதாவது ஐஎம்எஃப்புக்கு, கட்ட வேண்டிய சுமார் 150 கோடி யூரோ தவணை தவறிப்போயிருந்தது. வளர்ந்த நாடு ஒன்று ஐஎம்எஃப் தவணையைக் கட்டாமல் விட்டது அதுவே முதல் முறை.

ஜூலை 5-ஆம் தேதி பொதுவாக்கெடுப்பு. கடன் கொடுத்த யூரோ நாடுகளும் ஐஎம்எஃப்பும் வைத்த நிபந்தனைகளை ஏற்கலாமா என்று கேட்டதற்கு 61 சதவீதம் பேர் ‘ஓஹி’, வேண்டாம், என்றார்கள். எட்டே நாளில், ஜூலை 13 காலை, பிரஸ்ஸல்ஸில் 17 மணி நேரப் பேச்சு முடிந்து வெளியே வந்த பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ், மக்கள் வேண்டாம் என்றதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குச் சம்மதித்திருந்தார்.

அதைத் துரோகம் என்றவர்கள் உண்டு. பொறுப்புள்ள முடிவு என்றவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே அவசரப்பட்ட தீர்ப்பாகத் தெரிகிறது. அந்த வாரம் அவர் கையில் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் யார் என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த வழிகளில் கையெழுத்துப் போட்டதுதான் கேடு குறைந்தது. ஆனால் அவற்றைவிட நல்ல வழி ஒன்று முன்பு இருந்தது. அதை 2010-லேயே அடைத்துவிட்டார்கள். அடைத்ததில் கிரீஸுக்கும் பங்கு உண்டு, கடன் கொடுத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரீஸ் 2001 ஜனவரி 1-இல் யூரோவில் சேர்ந்தது. அதுவரை அதன் சொந்த நாணயமாக இருந்தது டிராக்மா; 340.75 டிராக்மாவுக்கு ஒரு யூரோ என்று கணக்கு. டிராக்மா காலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிப் பழகிய அரசுக்கு, திடீரென்று ஜெர்மனி கட்டும் வட்டியை ஒட்டியே கடன் கிடைத்தது. வாங்கினார்கள். கணக்கையும் நேராகக் காட்டவில்லை. 2009 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த யோர்கோஸ் பாப்பாந்திரேயுவின் அரசு பேரேட்டைப் புரட்டியபோது, அந்த ஆண்டுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கும் மேல் என்று தெரிந்தது. பின்னால் திருத்திப் பார்த்ததில் 15-ஐத் தாண்டியது. யூரோ நாடுகளின் விதி 3 சதவீதம்தான். மொத்தக் கடன் சுமார் 30,000 கோடி யூரோ.

சொந்த நாணயம் வைத்திருக்கும் நாடு இந்த நிலையில் நாணயத்தின் மதிப்பை இறக்கும். ஏற்றுமதி மலிவாகும், இறக்குமதி குறையும், எல்லோருடைய சம்பளமும் ஒரே இரவில் சத்தமில்லாமல் சுருங்கும். யூரோவில் இருந்த கிரீஸுக்கு அது முடியாது. சரி, ஒன்றியம் தாங்கிப் பிடிக்குமா என்றால், அதற்கும் ஏற்பாடு இல்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் என்றால், அதன் பின்னால் மத்திய வரவுசெலவும் நிதிக்குழுவும் இருக்கின்றன. ஒரு மாநிலம் நொடித்தாலும் மத்தியப் பணம் அதற்குள் வந்துகொண்டிருக்கும். யூரோவுக்கு மத்திய வங்கி கட்டினார்கள், கருவூலம் கட்டவில்லை. ஒரு நாட்டின் கடனை இன்னொரு நாடு ஏற்காது என்று உடன்படிக்கையிலேயே எழுதியும் வைத்தார்கள்.

அடைக்கப்பட்ட வழி

2010 ஏப்ரல் 23-ஆம் தேதி பாப்பாந்திரேயு, துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் காஸ்தெலோரிஸோ என்ற சின்னத் தீவின் துறைமுகத்தில் நின்று, நாடு மீட்புக் கடன் கேட்கிறது என்று அறிவித்தார். அன்றைக்கு இரண்டு வழிகள் இருந்தன. அரசு கடன் வாங்கும்போது எழுதிக்கொடுத்த பத்திரங்களை வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, உங்கள் பணத்தில் ஒரு பகுதி போய்விட்டது, மிச்சத்தைப் பேசி முடிப்போம் என்று சொல்வது ஒன்று. அரசுகளிடம் புதுக் கடன் வாங்கி, பழைய கடனைக் காசு குறையாமல் அடைப்பது மற்றொன்று.

முதல் வழிக்குச் சாதகமாக இருந்தவை ஒன்றிரண்டல்ல. கிரேக்க அரசின் பத்திரங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கிரேக்கச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்டவை. ஏதென்ஸ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டாலே நிபந்தனைகளை மாற்றலாம். கடன் கொடுத்தவர்களில் பெரும்பகுதி பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளின் வங்கிகள். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டோ, யோசிக்காமலோ கொடுத்தவர்கள். தெரியாமல் கொடுத்தவன் நட்டத்தில் பங்கு ஏற்பது வட்டித் தொழிலின் பாலபாடம்.

அந்த வழியை ஏன் எடுக்கவில்லை? அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கிரீஸில் தள்ளுபடி என்றால் அடுத்த நாளே அயர்லாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின் பத்திரங்களை எல்லோரும் விற்பார்கள், பாரிஸிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் வங்கிகள் ஆடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கான விலையை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் பிரச்சினை. 11,000 கோடி யூரோ கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதில் யூரோ நாடுகள் 8,000 கோடி, ஐஎம்எஃப் 3,000 கோடி. திருப்பிக் கட்ட முடியும் என்று வலுவாக நம்ப இடமில்லாத நாட்டுக்குப் பெருங்கடன் தருவதில்லை என்ற தன் விதியையே ஐஎம்எஃப் இதற்காகத் தளர்த்தியது. தள்ளுபடியை முதலிலேயே செய்திருந்தால் கிரீஸுக்கு நல்லதாக இருந்திருக்கும், யூரோ நாடுகள்தான் ஏற்கவில்லை என்று 2013-இல் அதுவே ஒரு மதிப்பீட்டில் எழுதியது.

கடைசியில் தள்ளுபடி வரத்தான் செய்தது, 2012 மார்ச்சில். முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் எழுதியிருந்த அசல் தொகையில், 53.5 சதவீதம் வெட்டு, சுமார் 10,700 கோடி யூரோ குறைந்தது. ஆனால் நடுவில் போன இரண்டு வருடத்தில் முதிர்ந்த பத்திரங்களுக்கெல்லாம் முழுப் பணம் கொடுத்தாகிவிட்டது. வெளிநாட்டு வங்கிகள் தங்கள் பங்கைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டன. ஐரோப்பிய மத்திய வங்கி வாங்கி வைத்திருந்த பத்திரங்களுக்கு விலக்கு. அப்புறம் வெட்டு யார் மேல் விழுந்தது? கிரேக்க வங்கிகள் மேல், கிரேக்க ஓய்வூதிய நிதிகள் மேல், பக்கத்துச் சைப்ரஸின் வங்கிகள் மேல். கிரேக்க வங்கிகளுக்கு மறுபடி மூலதனம் ஊற்ற அரசு இன்னும் கடன் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் சைப்ரஸே விழுந்தது. அங்கே இரண்டு பெரிய வங்கிகளில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போட்டு வைத்திருந்தவர்கள் பணம் இழந்தார்கள்.

என்னை இதில் அதிகம் உறுத்துவது வேறு. 2010-இல் இது ஓர் அரசுக்கும் சில வங்கிகளுக்கும் நடுவில் இருந்த கடன். 2012-க்குப் பிறகு ஜெர்மன் வரிசெலுத்துபவருக்கும் கிரேக்க ஓய்வூதியருக்கும் நடுவில் உள்ள கடனாகிவிட்டது. வங்கியோடு பேரம் பேசலாம். இன்னொரு நாட்டு மக்களோடு பேரம் பேசினால் அது பகையில்தான் முடியும். கிரேக்கர்களைவிட வருமானம் குறைந்த ஸ்லோவாக்கியா, முதல் மீட்புக் கடனில் தன் பங்கைத் தர 2010-லேயே மறுத்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் என்ன தவறு? ஒன்றியத்துக்குள் விழுந்த விரிசலுக்கு இந்தக் கைமாற்றத்தைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

ஆக, 2015-இல் சிப்ராஸ் உட்காரும்போது சீட்டுகள் வேறு. கடனில் பெரும்பகுதி அரசுகளுக்கும் பொது அமைப்புகளுக்கும் கட்ட வேண்டியது. 2012-இல் மாற்றிக் கொடுத்த பத்திரங்களோ ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் வந்தவை. ஏதென்ஸ் சட்டம் போட்டு மாற்ற இனி எதுவும் பெரிதாக மிச்சமில்லை. பொருளாதாரம் 2008-இல் இருந்ததில் கால் பங்கு காணாமல் போயிருந்தது. வேலையின்மை 2013-இல் 27 சதவீதத்தைத் தொட்டு, சற்றே இறங்கியிருந்தது. இளைஞர்களில் அது பாதியை ஒட்டி இருந்தது.

டிராக்மாவுக்குத் திரும்புவது

இந்த வழியை நான் லேசாகத் தள்ளவில்லை. இதற்காகப் பேசியவர்கள் காட்டிய உதாரணம் அர்ஜென்டினா. 1991-இலிருந்து ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று கட்டி வைத்திருந்த நாடு அது. 2001 டிசம்பரில் வங்கிப் பணத்தை முடக்கியது, கடனைக் கட்ட மறுத்தது, 2002 ஜனவரியில் டாலர் கட்டை அவிழ்த்தது. சில மாதங்களில் ஒரு டாலருக்கு நாலு பெசோ அளவுக்குச் சரிந்தது. மக்களில் பாதிக்கும் மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே போனார்கள். ஆனால் 2003-இலிருந்து சில வருடங்கள் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் என்று வளர்ந்தது. ஒரே அடியாக விழுந்து எழுவதா, வருடக்கணக்கில் இழுபட்டுச் சாவதா என்று கேட்டால், முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால் அர்ஜென்டினாக்காரர் பையில் பெசோ இருந்தது. கிரேக்கர் பையில் டிராக்மா இல்லை. நோட்டு அச்சிட வேண்டும், நாணயம் வார்க்க வேண்டும், ஏடிஎம் முதல் பேருந்துச் சீட்டு இயந்திரம் வரை மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை, அந்த மாதங்களில் வங்கிகள் மூடியே கிடக்கும். அதோடு, மதிப்பிறக்கம் பலன் தர மலிவாக விற்கச் சரக்கு வேண்டும். அர்ஜென்டினா விற்ற சோயாவுக்கு உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கிரீஸின் ஏற்றுமதியில் முதலிடம் சுத்திகரித்த எண்ணெய்ப் பொருட்களுக்கு. அதற்கான கச்சா எண்ணெயே வெளியிலிருந்து வருகிறது. கப்பல் தொழிலின் வாடகை டாலரில். சுற்றுலாவுக்கு நிச்சயம் லாபம், விவசாயத்துக்குக் கொஞ்சம். மருந்துக்கும் எரிபொருளுக்கும் முதல் வாரத்திலேயே திண்டாட்டம்.

கடனோ யூரோவிலேயே நிற்கும். டிராக்மா பாதியாக விழுந்தால் கடன் இரட்டிக்கும். கட்ட முடியாது என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் நாளைக்கும் ஒரே ஒன்றியத்தில் கூட உட்கார வேண்டிய அரசுகளிடம். யூரோவை மட்டும் விட்டுப் போவதற்கு உடன்படிக்கையில் வழியே எழுதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே போவதற்குத்தான் விதி உண்டு. இதையெல்லாம்விட, ‘ஓஹி’ என்று வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் டிராக்மா கேட்கவில்லை. அந்த நாட்களின் கருத்துக் கணிப்புகளில் யூரோவில் இருக்க விரும்பியவர்களே மிகப் பெரும்பான்மை. அவர்கள் கேட்டது வேறு நிபந்தனைகள். அந்த வாக்கை எடுத்துக்கொண்டு போய் டிராக்மாவை அச்சிட்டிருந்தால் அதுவும் ஒரு துரோகம்தான்.

‘ஐந்து வருட ஓய்வு’

ஜூலை 10-ஆம் தேதி ஜெர்மன் நிதியமைச்சர் வோல்ஃப்காங் ஷாய்ப்ளேயின் அமைச்சகத்திலிருந்து ஒரு பக்கத் தாள் ஒன்று சுற்றுக்கு வந்தது. கிரீஸ் குறைந்தது ஐந்து வருடம் யூரோவிலிருந்து விலகியிருக்கலாம், ஒன்றியத்தில் தொடரலாம், வெளியே இருக்கும்போது கடனைச் சீரமைக்கலாம், உதவியும் தருவோம் என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யூரோவுக்குள் இருந்தால் தள்ளுபடி முடியாது என்று ஜெர்மனி நின்றதால், தள்ளுபடி கிடைக்கும் ஒரே வழியாகக்கூட அது தெரிந்தது.

எனக்கு அது மிக ஆபத்தான வழியாகப் படுகிறது, கிரீஸைவிட மற்றவர்களுக்கு. ஒரு நாட்டைத் தற்காலிகமாக வெளியே வைக்க முடியும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், யூரோ என்பது ஒரே நாணயம் இல்லை, சில நாடுகள் வசதிப்படும்வரை சேர்ந்து வைத்துக்கொண்ட மாற்று விகிதம் என்றாகிவிடும். அடுத்த நெருக்கடி வரும் வாசனை தெரிந்ததுமே லிஸ்பனிலும் மிலானிலும் இருப்பவர்கள் தங்கள் சேமிப்பை ஃபிராங்ஃபர்ட்டுக்கு மாற்றுவார்கள். யாராக இருந்தாலும் மாற்றத்தான் செய்வார்கள். பிரான்ஸ் அதிபர் ஒலாந்தும் இத்தாலிப் பிரதமர் ரென்ஸியும் இதை எதிர்த்ததற்குக் கிரீஸ் மேல் பாசம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

யூரோவில் இருந்துகொண்டே கட்ட மறுப்பது

நிதியமைச்சராக இருந்த யானிஸ் வரூஃபாகிஸ் மனதில் இருந்தது இது. வரி எண்ணோடு இணைந்த கணக்குகள் வழியாக அரசு கடன் சீட்டு கொடுத்து உள்நாட்டுச் செலவை ஓட்டுவது, ஐரோப்பிய மத்திய வங்கியிடம் உள்ள பத்திரங்களை வெட்டுவது. அரசுக்குள் அவருக்கு ஆதரவு கிடைக்கவில்லை. வாக்கெடுப்புக்கு மறுநாள் விலகினார்.

2009-இல் கலிஃபோர்னியா இப்படிக் கடன் சீட்டு கொடுத்துச் சில மாதம் சமாளித்தது. அந்த மாநிலம் டாலரை விட்டுப் போகும் என்று ஒருவரும் நினைக்காததால் அது செல்லுபடியானது. கிரீஸில் அந்தச் சீட்டைக் கையில் வாங்கும் யாரும் அதை டிராக்மாவின் குட்டி என்றுதான் பார்த்திருப்பார்கள். கிரேக்க வங்கிகள் அப்போது உயிரோடு இருந்ததே மத்திய வங்கி அமைப்பு அனுமதித்த சுமார் 8,900 கோடி யூரோ அவசரக் கடனால். ஜூலை 20-ஆம் தேதி ஐரோப்பிய மத்திய வங்கிக்கு 350 கோடி யூரோ கட்ட வேண்டியிருந்தது. அதைக் கட்டாவிட்டால் அவசரக் கடன் நிற்கும், வங்கிகள் சாயும். இந்த வழியும் இரண்டு வாரத்தில் டிராக்மாவில் போய்த்தான் முடிந்திருக்கும், அதுவும் தயாரிப்பே இல்லாமல்.

கையெழுத்து

மிச்சம் இருந்தது, கிரேக்கர்கள் ‘ம்னிமோனியோ’ என்று வெறுப்போடு சொல்லும் ஒப்பந்தம், மூன்றாவது முறையாக. மூன்று வருடத்தில் 8,600 கோடி யூரோ வரை கடன். பதிலுக்கு விற்பனை வரி உயர்வு, ஓய்வூதிய வெட்டு, அரசுச் சொத்துகளை 5,000 கோடி யூரோ இலக்கோடு ஒரு தனி நிதியில் போட்டு விற்பது. முகமதிப்பில் தள்ளுபடி கிடையாது. பெரிய அளவில் கடன் சலுகை இல்லாமல் இது ஓடாது என்ற ஆய்வை வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னால் ஐஎம்எஃப்பே வெளியிட்டிருந்தது. செலவை வெட்டினால் பொருளாதாரம் எவ்வளவு சுருங்கும் என்பதை நெருக்கடியின் தொடக்கத்தில் குறைத்துக் கணக்கிட்டுவிட்டோம் என்று 2013-லேயே அதன் பொருளியலாளர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் தெரிந்தே அந்தத் தாளை நீட்டினார்கள்.

கிரீஸின் பேரம் ஏன் எடுபடவில்லை? 2011 நவம்பரில் இத்தாலி தன் பத்திரங்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்க வேண்டியிருந்தது. அன்று கிரீஸ் வெளியேறியிருந்தால் யூரோவே உடைந்திருக்கலாம். அப்போது ஏதென்ஸுக்குப் பிடி இருந்தது. 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்கத் தேவையானது எதையும் வங்கி செய்யும் என்று லண்டனில் அறிவித்தார். அப்புறம் நிரந்தர மீட்பு நிதி வந்தது. 2015 மார்ச்சில் மத்திய வங்கியே மாதாமாதம் அரசுப் பத்திரங்களை வாங்கத் தொடங்கியது. சிப்ராஸ் மேசையைத் தட்டியபோது இத்தாலி, ஸ்பெயின் பத்திரச் சந்தைகள் சற்றே ஆடியதோடு சரி. நிலைமை மாறியது தெரியாமல் ஐந்து மாதம் பேரம் பேசியது அவர் அரசின் பெரிய தவறு. அந்த ஐந்து மாதத்தில் வைப்புப் பணம் வெளியே ஓடி வங்கிகள் வெறுமையானதற்கும் அவர்கள் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

கையெழுத்துக்குப் பலன் இருந்தது. ஜூலை 20-இல் வங்கிகள் திறந்தன. பணக் கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்து 2019 செப்டம்பரில் முழுதாக நீங்கின. 2018 ஆகஸ்டில் நாடு மீட்புக் கடன் ஏற்பாட்டிலிருந்து வெளியே வந்தது. தவணைகளில் ஒரு பெரும்பகுதியைப் பத்து வருடம் தள்ளி வைத்தார்கள். வட்டி குறைவு. 2060-ஐத் தாண்டியும் கட்ட வேண்டியிருக்கும். முகமதிப்பைத் தொடாமல் கொடுத்த தள்ளுபடி என்றே இதைச் சொல்லலாம். 2023-இல் கிரேக்கப் பத்திரங்களுக்கு ‘முதலீட்டுத் தரம்’, அதாவது நம்பிப் பணம் போடலாம் என்ற மதிப்பீடு, திரும்பக் கிடைத்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2018-இல் கொடுத்த அந்தச் சலுகையை 2015-லேயே கொடுத்திருக்க முடியும். வேண்டும் என்று ஐஎம்எஃப்பும் சொன்னது. 1953-இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் போருக்கு முந்தைய, பிந்தைய கடன்களில் ஏறக்குறைய பாதியைக் குறைத்தபோது, கையெழுத்துப் போட்ட நாடுகளில் கிரீஸும் ஒன்று. ஜெர்மனி சம்பாதித்துக் கட்டட்டும், வயிற்றில் அடித்து வாங்க வேண்டாம் என்பதே அந்த ஒப்பந்தத்தின் கருத்து. அதே அறிவை 2015-இல் கடைப்பிடிக்க யாரும் யாருக்கும் தர்மம் செய்ய வேண்டியதில்லை. கட்டக்கூடிய நிலையில் கடனாளியை வைத்திருப்பது கொடுத்தவனுக்கும் லாபம்.

நான் அந்த மேசையில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் 61 சதவீத வாக்கை யூரோவில் இருப்பதா போவதா என்ற பேச்சில் செலவழிக்காமல், இரண்டே விஷயத்துக்கு வைத்திருப்பேன். தவணைகளை அப்போதே தள்ளி எழுத வேண்டும். வட்டிச் செலவைச் சேர்க்காமல் ஆண்டுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 சதவீதம் உபரி காட்ட வேண்டும் என்ற இலக்கைப் பாதியாக்க வேண்டும். வரி உயர்வும் சொத்து விற்பனையும் அதற்கு விலையாகப் போயிருந்தால்கூட, மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும். அந்த மூன்று வருடத்திலும் படித்த பிள்ளைகள் பெர்லினுக்கும் லண்டனுக்கும் விமானம் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

2012 பிப்ரவரியில், இரண்டாவது ஒப்பந்தத்துக்காக, மாதம் 751 யூரோவாக இருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 586-ஆக வெட்டினார்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. அந்த 751-ஐ மறுபடி தாண்டியது 2023 ஏப்ரலில்தான். 2012-இல் முதல் வேலைக்குப் போன பையனுக்கு அதற்குள் முப்பது வயது தாண்டியிருக்கும்.